நான் பார்க்காத முகம்

18 ஜூலை 2025, வெள்ளி

ஆடி பிறந்து இரண்டாம் நாள். சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திர எழுத்தர்கள் எல்லோரும் ஈ ஓட்டுகிறோம். இந்த மாதத்தில் எவன் நிலம் வாங்குவான், எவன் வீடு விற்பான்? பக்கத்து மேசை அண்ணாச்சி பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டார். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. சும்மா இருந்தால் மனசு பாளையங்கோட்டைக்குப் போய்விடுகிறது. அங்கேதான் ஸ்ரீராகவ் இருக்கிறான்.

மத்தியானம் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. கூடவே ஒரு வரி: "ஞாயித்துக்கிழமை பாக்கலாமான்னு கேக்கறார். நீ பேசிப் பாத்துட்டுச் சொல்லு."

இரண்டு வருஷம் ஒன்றாக இருந்தோம். பிரிந்து எட்டு மாதம் ஆகிறது. "நீ என்னை மூச்சு விட விடமாட்டேங்கறே" என்றான். சண்டை இல்லை, கத்தல் இல்லை. போகும்போது ஒன்று கேட்டான்: "இனிமே ஆப்ல யாரையாவது பாக்கப் போனா, எனக்குச் சாட்சியா நீதான் இருக்கணும். நீதானே தினம் ஆதாரையும் ஆளையும் ஒத்துப் பாக்கறவன்." வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் இன்னொருத்தனிடம் கேட்டிருப்பான். அதற்கு இது தேவலாம் என்று நினைத்தேன். புத்தி கெட்ட பயல் நான்.

சாட்சி என்பது ப்ரீதா அக்கா வைத்த ஏற்பாடு. ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறாள். எங்கள் பதினான்கு பேர் கூட்டத்துக்கு அவள்தான் மூத்தவள். அவளுக்குப் பிடிப்பது பெண்கள், எங்களில் மிச்சப் பேருக்கு ஆண்கள். போன வருஷம் எங்களை மாதிரி ஆட்கள் பழகும் ஆப்பில் பேசி, நேரில் பார்க்கப் போன ஒரு பையனை அடித்து மோதிரத்தைப் பிடுங்கி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு இந்த முறை. புது ஆளின் படம், நம்பர், பார்க்கும் இடம், நேரம் எல்லாவற்றையும் சாட்சியிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த ஆளோடு வீடியோவில் பேசி முகம் பார்ப்பது சாட்சியின் வேலை. போகிறவனின் வேலை அல்ல. "ஆசப்பட்டவனுக்குக் கண்ணு தெரியாது. ஆசையில்லாதவன் பாக்கணும்" என்பாள் அக்கா.

ராகவ் விஷயத்தில் நான் ஆசையில்லாதவனா? அக்காவுக்கு நாங்கள் நல்லபடியாகப் பிரிந்துவிட்டோம் என்றுதான் தெரியும்.

படத்தில் இருந்தவன் பெயர் பாக்கியசீலன். முப்பது வயது. பேட்டையில் லேத்துப் பட்டறை வேலை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு குறை இல்லை. பல்கூட வரிசையாக இருக்கிறது, நாசமாய்ப் போக.

20 ஜூலை, ஞாயிறு

காலையில் வீடியோவில் கூப்பிட்டேன். ஐந்து நிமிஷம் பேசினால் போதும். நான் நாற்பது நிமிஷம் பேசினேன்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்று ஆரம்பித்தான். அண்ணாச்சியாம்! எனக்கு முப்பத்தாறுதான். லீவு நாளிலும் பட்டறையில் நின்றான், கையெல்லாம் மசகு. சிரிக்கும்போது ஒரு பக்கம்தான் குழி விழுகிறது. இதையெல்லாம் நான் எதற்கு எழுதுகிறேன்?

ஆதாரைக் காட்டச் சொன்னேன். மறு பேச்சில்லாமல் காட்டினான். முகவரி மாஞ்சோலை எஸ்டேட், லைன் வீடு.

"இப்ப அங்கன யாரும் இல்லையே?"

"எஸ்டேட்ட மூடி எல்லாரையும் மலையில இருந்து இறக்கிவிட்டுட்டாங்கல்லா. அப்பா அம்மா அம்பாசமுத்திரத்துல வாடகைக்கு இருக்காங்க. நான் பேட்டைல அக்கா வீட்டுல. வீடு கேட்டு எழுதிக் குடுத்திருக்கு. வந்தா முகவரிய மாத்தணும் அண்ணாச்சி."

என்னென்னவோ கேட்டேன். முதலாளி பேர், அக்கா புருஷன் பேர், வண்டி நம்பர், எந்த பஸ்ஸில் வேலைக்குப் போகிறான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். முதலாளியையே வீடியோவில் காட்டி வணக்கம் வைக்க வைத்தான். கடைசியில், "நீங்க இவ்வளவு கேக்கது நல்லதுதான் அண்ணாச்சி. அவருக்கு நல்ல ஆளு வாய்ச்சிருக்கு" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராகவுக்கு எழுதினேன்: "முகவரி சரியில்லை. ஆதாரில் ஒன்று, இருப்பது ஒன்று. நான் சாட்சி நிற்க மாட்டேன்."

அவன் எழுதினான்: "மாஞ்சோலைக்காரா எல்லாருக்கும் இப்போ அப்படித்தானேடா இருக்கும்?" அப்புறம் இன்னொன்று: "சரி. நீ சொன்னா சரி."

நீ சொன்னா சரி. எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை. அம்மா வைத்த சொதியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

27 ஜூலை, ஞாயிறு

இன்று செய்த கூத்தை எங்காவது எழுதி வைத்தால்தான் வெட்கம் வரும்.

ஆப்பில் ஒவ்வொருத்தன் பெயருக்குக் கீழேயும் அவன் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறான் என்று காட்டும். அதை அணைத்து வைக்கச் சொல்லிக் கூட்டத்தில் எல்லோருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஜாக்கிரதை என்று வகுப்பு எடுத்தேன். ராகவுக்கு மட்டும் சொல்லவில்லை. டவுணில் என் வீட்டிலிருந்து அவன் வீடு ஏழு கிலோமீட்டர். ஏழு காட்டினால் வீட்டில் இருக்கிறான். அதைப் பார்த்துவிட்டுத்தான் காலையில் பல் தேய்க்கிறேன்.

இன்று பத்து மணிக்கு மூன்று காட்டியது. பேட்டை என் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். லேத்துப் பட்டறைகள் இருக்கும் சந்து சந்தாக. பாதிக் கடை பூட்டிக் கிடந்தது. வெயிலில் ஒன்றரை மணி நேரம். ஒரு பட்டறைக்காரர், "என்ன வேணும் அண்ணாச்சி, ரொம்ப நேரமாச் சுத்துதியளே?" என்று கேட்டார். ஒரு போல்ட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் ராகவே கூப்பிட்டான். காலையில் ஜங்ஷனில் அம்மாவை ரயிலேற்றிவிட்டு, அங்கேயே இட்லி சாப்பிட்டானாம். ஜங்ஷனும் மூன்று கிலோமீட்டர்தான்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மூன்று தரம் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆற்றங்கரையில் கூட்டமாக இருக்கும், சத்தத்தில் கேட்டிருக்காது. யாரோடு போனான்?

7 ஆகஸ்ட், வியாழன்

இன்று வந்த படத்தைப் பார்த்துச் சிரித்தே விட்டேன். பக்கத்து மேசை அண்ணாச்சி, "என்னவே, ஆடியில பத்திரம் ஏதும் வந்திட்டா?" என்றார்.

பாலசுப்பிரமணியன், நாற்பத்திரண்டு, டவுண். முன் தலை வழுக்கை, கன்னம் இரண்டும் தொங்கல், தோள்பட்டை கீழே சரிந்து கிடக்கிறது. கொஞ்சம் அசட்டுச் சிரிப்பு. நல்ல மனுஷன் மாதிரிதான் இருக்கிறார். ஆனால் என் ராகவா இவரோடு? ஒரு காப்பி குடிப்பான், மரியாதைக்கு அரை மணி பேசுவான், வீட்டுக்கு வந்துவிடுவான். எட்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது.

"வீடியோல வாங்க, ரெண்டு நிமிஷம்" என்று எழுதினேன். "வீட்டுல ஆள் இருக்காங்க. வேண்டாமே" என்று பதில் வந்தது. பாவம், குடும்பஸ்தர் போல. எந்தத் தெரு என்று கேட்டேன். சொன்னார். அங்கே எனக்குத் தெரிந்த நாலைந்து சைவப் பிள்ளைமார் குடும்பம் உண்டு. பேச்சோடு பேச்சாகக் கோயில் கட்டளை, மாமா ஒருத்தர் தாசில்தாராக இருந்தது எல்லாம் சொன்னார். நம்ம ஆள்தான் என்று பட்டது. நம்ம ஆள் என்றால் என்ன சாமியாரா? அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

ராகவுக்கு எழுதினேன்: "முகம் பார்த்தேன். ஆள் சரி. போயிட்டு வா."

பார்க்கவில்லை. பார்த்தேன் என்று எழுதினேன். அந்தப் படத்துக்கு அதற்குமேல் என்ன பார்க்க?

10 ஆகஸ்ட், ஞாயிறு. சாயங்காலம் நாலு மணி

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும். பிறகு நானே மாற்றிச் சொல்லுவேன்.

பதினோரு மணிக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு பேக்கரியில் பார்ப்பதாக ஏற்பாடு. பகல், நாலு பேர் நடமாடும் இடம், எல்லாம் முறைப்படிதான். பதினொன்று இருபதுக்கு ராகவ் கூப்பிட்டான்.

"அவர் வரலைடா. தம்பின்னு ஒரு பையனை பைக்ல அனுப்பியிருக்கார். இங்கே தெரிஞ்சவா இருக்காளாம், வீடு பக்கத்துலதானாம், அங்கே வரச் சொல்றார். போகட்டுமா?"

இடம் மாறினால் போகக் கூடாது. ஆள் மாறினால் பேசவே கூடாது. இரண்டும் கூட்டத்தில் நான் எடுத்த பாடம். அப்போது நான் சொன்னது என்ன? "நான்தான் மூஞ்சியப் பாத்தேனே லே. தைரியமாப் போ."

அந்த மனுஷர் வீட்டில் என்ன நடந்துவிடும் என்று நினைத்தேன். என்ன நடக்கும் என்று நான் பயந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அது இவரோடு நடக்காது. அந்த நிம்மதியில் டீவி போட்டேன்.

பன்னிரண்டரைக்கு அவன் எனக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், அணைத்து வைத்திருந்தது. ஒரு மணி. ஒன்றரை. வண்ணாரப்பேட்டைக்குப் போய்த் தெருத் தெருவாகச் சுற்றினேன். எந்த வீடு என்று கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. இரண்டே காலுக்குத்தான் அவனிடமிருந்து போன். பாளையங்கோட்டைக்கு ஓடினேன்.

உதடு கிழிந்திருந்தது. மூக்குக் கண்ணாடியைக் காணோம். கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். உள்ளே போனதும் கதவைப் பூட்டிவிட்டார்களாம். மூன்று பேர். எல்லாம் இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுப் பயல்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி அடித்து, வீடியோ எடுத்து, இவன் வாயால் இவன் யார், எதற்கு வந்தான் என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். போனில் இருந்த பணத்தை மாற்றிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் வேண்டுமாம். இல்லாவிட்டால் கல்லிடைக்குறிச்சியில் அவன் அம்மா ஜயலக்ஷ்மி மாமிக்கும், அவன் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் டியூஷன் சென்டருக்கும் வீடியோ போகும்.

"அந்தப் படத்துல இருந்தவர் அங்கே இல்லவே இல்லடா" என்றான். "நீ வீடியோல யாரைடா பாத்தே?"

"படத்துல இருந்தவரைத்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது. தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குப் போய்ச் சுவரில் தலையை வைத்து நின்றேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

ப்ரீதா அக்கா ராகவ் வீட்டுக்கு வந்தாள். "காசு ஒத்தப் பைசா குடுக்காத. ஒரு தரம் குடுத்தா சாகுத மட்டும் கேப்பானுவ. சாட்டு எதையும் அழிக்காத, எல்லாத்தையும் படம் புடிச்சு வை. சைபர் கிரைம் நம்பர் 1930-க்கு அடிச்சுச் சொல்லு. அப்புறம் ஸ்டேஷனுக்குப் போவோம். நீ பண்ணது ஒரு குத்தமும் இல்ல. சட்டம் மாறி ஏழு வருஷமாச்சு. அவனுவ பண்ணதுதான் குத்தம்."

ராகவ் என்னைப் பார்த்தான். நான், "ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போமே" என்றேன். அவனுக்காகச் சொன்னது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். ஸ்டேஷனுக்குப் போனால் சாட்சி யார் என்று கேட்பார்களே. சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் நாளைக்கு நான் எப்படி மேசை போடுவேன்? அம்மாவுக்கு யார் சொல்லுவார்கள்?

அப்போது வாசலில் வண்டிச் சத்தம். பாக்கியசீலன்! பட்டறைச் சட்டையோடு நிற்கிறான். ராகவ் அவனோடு பேசுவதை நிறுத்தவே இல்லையாம். பார்க்கத்தான் போகவில்லை, என் பேச்சுக்கு மரியாதை கொடுத்து. நேற்று முதலில் போன் போட்டதும் அவனுக்குத்தானாம். எனக்கு இரண்டாவது.

இந்த நிலைமையிலும் எனக்கு அதுதான் உறைக்கிறது. முதலில் அவனுக்கு.

"வாங்க, போயிட்டு வந்துருவோம்" என்றான் அவன், ராகவிடம். "எங்க அப்பாவ அம்மாவ மலையில இருந்து இறக்கும்போது ஊரே நின்னு பாத்துச்சு. அதுக்கப்புறம் எனக்கு எவன் பாத்தாலும் ஒண்ணுதான். நான் கூட நிக்கேன்."

ராகவ் எழுந்து போனான். நான் அவன் வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு நின்றேன்.

13 ஆகஸ்ட், புதன்

இனி தப்ப முடியாது.

ராகவ் கூப்பிட்டான். எஸ்.ஐ. ஒரு பெண், ராஜராஜேஸ்வரி என்று பெயர். நல்லபடியாகக் கேட்டுக்கொண்டாராம். வண்ணாரப்பேட்டை வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறதாம். அந்தப் படத்தைக் காட்டியதும் ஸ்டேஷனில் ஒரு ஏட்டையா, "இவரு மேலப்பாளையத்து டெய்லரு முகம்மது மைதீன் மாதிரில்லா இருக்கு" என்றிருக்கிறார். நாளைக்கு அவரைக் கூட்டி வருகிறார்கள்.

"என் ஃபிரெண்டு வீடியோல முகத்தைப் பாத்திருக்கார், அவர் அடையாளம் காட்டுவார்னு சொல்லியிருக்கேன். பத்து மணிக்கு வந்துடு" என்றான் ராகவ். "நீ ஒருத்தன்தான் பாத்தவன்."

ஆமாம் என்று சொன்னால் ஒரு தையற்காரர் கம்பி எண்ணுவார். தெரியவில்லை, மங்கலாக இருந்தது என்றால்? அப்போதும் சந்தேகம் அவர் மேல்தான் இருக்கும். அந்த மூன்று பயல்களும் வெள்ளிக்கிழமை சாவகாசமாக வீடியோவை அனுப்புவார்கள். இல்லை என்றால்?

இல்லை என்றால் ராகவ் கேட்பான். ஏன் என்று கேட்பான்.

ஆள்மாறாட்டம் பண்ணிப் பத்திரம் போட வருகிறவனைப் பார்த்தவுடன் பிடித்துவிடுவேன் என்று எனக்கு இந்த டவுணில் பேர் உண்டு. கேவலமாக இருக்கிறது.

14 ஆகஸ்ட், வியாழன்

போனேன்.

பெஞ்சில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். கடையிலிருந்து அப்படியே கூட்டி வந்திருக்கிறார்கள், கழுத்தில் அளவு டேப் தொங்குகிறது. படத்தில் இருந்த அதே வழுக்கை, அதே கன்னம். அசட்டுச் சிரிப்பு மட்டும் இல்லை. ராகவ் நாற்காலியில். அவனுக்குப் பின்னால் பாக்கியசீலன்.

"நாறும்பூநாதன் நீங்கதானா?" என்றார் எஸ்.ஐ. "வீடியோ கால்ல பாத்தது இவரைத்தானா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இல்ல மேடம்."

"அப்ப வேற ஆளா?"

"நான் யாரையும் பாக்கல. வீடியோ கால் போடவே இல்ல."

எஸ்.ஐ. பேனாவை வைத்துவிட்டு ராகவின் போனை எடுத்துப் படித்தார். "முகம் பார்த்தேன், ஆள் சரி. இது நீங்க அனுப்புனதுதான? எதுக்கு இப்படி எழுதுனீங்க?"

வேலை அதிகம் மேடம், மறந்துவிட்டது என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆடி மாதத்தில் பத்திர எழுத்தனுக்கு என்ன வேலை? ராகவ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் அவனுக்குப் பிடிபடவில்லை. நான் ஏதோ பயத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பான். அந்த நம்பிக்கையைப் பார்க்க முடியவில்லை.

"பொறாமை மேடம்" என்றேன்.

"என்னது?"

"இன்னா நிக்காரே, இவரு மேல. இவரு பாக்க நல்லா இருந்தாரு. ராகவ் இவருகிட்டப் போயிருவான்னு பயம். நாப்பது நிமிஷம் கேள்வி கேட்டேன், ஒரு குத்தமும் கெடைக்கல. முகவரி இல்லன்னு சொல்லித் தட்டி விட்டேன். அந்தப் படம் வந்தப்போ..." டெய்லர் பக்கம் திரும்ப முடியவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னேன். "அவரு அழகா இல்லன்னு நெனச்சேன். இவரால எனக்கு ஒண்ணும் போயிராதுன்னு விட்டுட்டேன்."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டையா தலையை நிமிர்த்தி, "அப்ப நீங்களும் இவங்கள மாதிரிதானா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். அந்தப் பதினான்கு பேருக்கு வெளியே முதல் தடவையாக, ஒரு போலீஸ் ஸ்டேஷனில், விசிறிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னேன்.

பெஞ்சிலிருந்து டெய்லர் பேசினார். "ஏன் மேடம், அழகா இல்லன்னு எம் பொண்டாட்டி இருவது வருஷமாச் சொல்லுதா. அவகூட என்னைய ஸ்டேஷன் வரைக்கும் கொண்டாரல." ஏட்டையா சிரித்துவிட்டார். எஸ்.ஐ.யும் உதட்டைக் கடித்துக்கொண்டார். டெய்லர் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடை விளம்பரத்துக்கு இணையத்தில் அவர் போட்ட படத்தை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவரிடமும் புகார் எழுதி வாங்கினார் எஸ்.ஐ. நான் போய்க் கும்பிட்டேன். "நீங்க இன்னைக்கும் ஆமான்னு சொல்லியிருந்தா எம் புள்ளைய மூணு பேரும் தெருவுலதான் தம்பி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே வேப்பமரத்தடியில் ராகவ் நின்றான். எல்லாவற்றையும் சொன்னேன். கிலோமீட்டர் பார்த்தது, பேட்டையில் சுற்றியது, போல்ட்டு வாங்கியது. கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அதெல்லாம் விடு" என்றான். "பேக்கரிலேர்ந்து கேட்டேனேடா. போகட்டுமான்னு. எனக்கு அந்தப் பையனைப் பாத்ததுமே பயமாத்தான் இருந்தது. நீ பாத்தேன்னு சொன்னியேன்னுதான் வண்டில ஏறினேன்."

ராகவ் பாக்கியசீலன் வண்டியில் ஏறிக்கொண்டான். கிளம்புமுன் பாக்கியசீலன் என்னைப் பார்த்து, "எதாவது சாப்பிட்டுப் போங்க அண்ணாச்சி. முகம் ஒரு மாதிரி இருக்கு" என்றான். செருப்பால் அடித்திருந்தால் தேவலாம்.

15 ஆகஸ்ட், வெள்ளி

வெள்ளிக்கிழமை. வீடியோ எங்கும் போகவில்லை. ஜயலக்ஷ்மி மாமிக்குப் போகுமுன் ராகவே கல்லிடைக்குறிச்சிக்குப் போய்ச் சொல்லிவிட்டானாம். அக்கா சொன்னாள். அவன் என்னைக் கூப்பிடவில்லை.

23 ஆகஸ்ட், சனி

மூன்று பேரும் பிடிபட்டார்கள். அவர்கள் போனில் இன்னும் ஒன்பது பேருடைய வீடியோ இருந்ததாம். ஒன்பது பேரில் ஒருத்தர்கூடப் புகார் கொடுக்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அக்கா போனில், "நாறும்பூ, ஒன்னயச் சாட்சி வரிசையில இருந்து எடுத்துட்டேன். கோவப்படாத" என்றாள். கோபம் இல்லை அக்கா என்றேன். உண்மையிலேயே இல்லை.

ஆவணி பிறந்து மேசையில் கூட்டம். பக்கத்து மேசை அண்ணாச்சிக்கு விஷயம் எட்டியிருக்கிறது. மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. இன்று முத்திரைத்தாள் தீர்ந்துபோய், "ரெண்டு தாள் குடும்வே" என்று கை நீட்டினார். கொடுத்தேன்.

அம்மா சாப்பாடு போடும்போது, "எய்யா, அந்தக் கல்லிடைக்குறிச்சிப் பிள்ளைக்கு ஒதட்டுக் காயம் ஆறிட்டா?" என்று கேட்டாள். ஆறிட்டு என்றேன். குழம்பு ஊற்றினாள். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நானும் கேட்கவில்லை.

12 செப்டம்பர், வெள்ளி

ராகவின் முகப்புப் படம் மாறியிருக்கிறது. மலைப்பாதை, பின்னால் பச்சை. எடுத்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. இரண்டு பிடி சோறு குறைவாக இறங்கியது.

12 அக்டோபர், ஞாயிறு

இரண்டு மாதத்துக்குப் பிறகு ராகவ் கூப்பிட்டான். நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. "பாக்கியத்துக்கு வியாழக்கிழமை பொறந்த நாள். சட்டை எடுக்கணும். எனக்குக் கலர் பாக்கத் தெரியாது. வரியா?"

டவுணில் தீபாவளிக் கூட்டம், கடைக்குள் நுழைய முடியவில்லை. அவன் முகத்தில் புதுக் கண்ணாடி. உதட்டில் தழும்பு சின்னதாக இருக்கிறது. சட்டைகளைக் கடைக்காரப் பெண் பரப்பிப் போட்டாள். ராகவ் ஒரு மாம்பழ மஞ்சளை எடுத்துத் தன் மேல் வைத்துப் பார்த்து, "இது எப்படிடா இருக்கு?" என்றான்.

படு கோரம். பாக்கியசீலன் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் தேர்த் திருவிழாக் கடையில் விற்கிற பொம்மை மாதிரி இருப்பான். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராகவ் எடுத்துவிடுவான். எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு மாதம் ஆகியும் அப்படியே எரிகிறது. என்ன ஜென்மம் இது.

"அதக் கீழ வை லே" என்றேன். அடுக்கில் கையை விட்டுத் துழாவிக் கருநீலத்தில் பொடிக் கட்டம் போட்ட ஒன்றை உருவினேன். "இத எடு. அவரு நெறத்துக்கு இது ரொம்ப நல்லா இருக்கும். அளவு நாப்பது." அளவை அவன் கேட்கவே இல்லை.

ராகவ் சட்டையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். கடைக்காரப் பெண் அடுத்த ஆளிடம் போய்விட்டாள், அவ்வளவு நேரம் பார்த்தான். நானும் தலையைக் குனியவில்லை.

"நிஜமாவாடா?" என்றான்.

"நெசமாத்தான்."

மறுபடி கேட்கவில்லை. சட்டையை எடுத்துக்கொண்டு பில் போடப் போனான்.